நாலாவது பாக்கெட்டில் வந்த சிரிப்பு

கேள்வி: பேஸ்பால் அட்டைப் பாக்கெட்டுகளைப் பிரித்ததில் உங்களுக்கு அடித்த பெரிய அதிர்ஷ்டம் எது? என் மகன் இப்போது அதே நினைப்பாக இருக்கிறான்.
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: 1989-இல் கப்பலில் வேலை பார்த்த என் சித்தப்பா அமெரிக்காவிலிருந்து நாலு பாக்கெட் வாங்கிவந்தார். அப்பர் டெக் நிறுவனத்தின் முதல் வருட அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரின் படம்; யார் வருவார் என்பது பிரித்தால்தான் தெரியும். தோ பாயோவில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் போட்ட கல் மேசையில் வைத்துப் பிரித்தேன். மூன்று பாக்கெட்டிலும் யாரென்றே தெரியாத முகங்கள். நாலாவதில், மட்டையைத் தோளில் சாய்த்துச் சிரிக்கும் ஒரு பையன். பின்பக்கம் எண் 1. கென் கிரிஃபி ஜூனியர், பின்னாளில் பெரும் புகழ்பெற்ற ஆட்டக்காரர். அப்போது அவருக்கு வயது 19. அந்தச் சிரிப்பு பிடித்துப்போய்த் தமிழ்ப் பாடப்புத்தகத்துக்குள் பத்திரப்படுத்தினேன்.

2016-இல் 440 வாக்குகளில் 437 பெற்று அவர் பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார். சேதி கேட்டதும் சித்தப்பாவுக்குத்தான் முதலில் போன் போட்டேன்.

விலையா? ஏராளமாக அச்சான அட்டை அது. மூலைகள் கூராக இருந்தால்தான் நல்ல விலை. என்னுடையதில் ஒரு மூலை மழுங்கிவிட்டது. சரி, நான் விற்கப்போவதில்லை.

உங்கள் மகனுக்கு இதைச் சொல்லுங்கள்: 2024 கிறிஸ்துமஸ் அன்று லாஸ் ஏஞ்சலிஸில் 11 வயதுப் பையன் ஒருவன் பிரித்த பாக்கெட்டில், பேஸ்பால் பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸ் தன் முதல் ஆட்டத்தில் அணிந்த சட்டையின் சின்னம் பதித்த அட்டை வந்தது. உலகத்திலேயே அது ஒன்றுதான். ஏலத்தில் 11 லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டியது.

அப்புறம், பிரித்தவுடன் அட்டையை உறையில் போடச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் வளைந்துவிடும்.