ஆம்ப் உறுமினால் உடனே டியூபை மாற்றாதீர்கள்

கேள்வி: கப்பலில் வேலை பார்த்த என் பெரியப்பா 1972ஆம் வருட ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் கிதார் ஆம்ப் ஒன்றை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தார். அதை வைத்துத்தான் சர்ச்சில் வாசிக்கிறேன். ஆறு மாதமாக ஒரே உறுமல். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் நிற்கவில்லை. போன மாதம் ஃபியூஸ் போனது, கடையில் மாற்றிக் கொடுத்தார்கள். ஒன்பது டியூபும் செத்துவிட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா? (தூத்துக்குடி வாசகர்)

மாற்ற வேண்டாம். இப்போதைக்கு ஒரு டியூபைக்கூட, அதாவது ஒலியைப் பெருக்கும் அந்தக் கண்ணாடிக் குழாய்களில் ஒன்றைக்கூட, மாற்ற வேண்டாம்.

வால்யூமைக் குறைத்தாலும் உறுமல் அப்படியே இருக்கிறது என்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. வால்யூம் குமிழுக்கு முன்னால் கோளாறு என்றால், குமிழைத் திருகும்போது உறுமலும் கூடிக் குறையும். உங்களுடையது அசையவில்லை. அப்படியென்றால் கோளாறு குமிழுக்குப் பின்னால், பெரும்பாலும் பவர் சப்ளையில்.

ஆம்பின் உள்ளே, டியூப்கள் மாட்டியிருக்கும் தகட்டில், கவிழ்த்து வைத்த தகர டப்பா மாதிரி ஒரு மூடி இருக்கும். அதற்குள் ஐந்து ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் உண்டு. நம் கரண்ட், ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையரைத் தாண்டும்போது நொடிக்கு 100 துடிப்பாக வருகிறது. மோட்டார் தண்ணீரை விட்டுவிட்டுத் தள்ளினாலும் தொட்டி இருந்தால் குழாயில் சீராக வருமல்லவா, அந்தத் தொட்டி வேலையைத்தான் கெப்பாசிட்டர் செய்கிறது. ஐம்பது வருடத்தில் அதன் உள்ளே இருக்கும் ஈரப்பசை காய்ந்துவிடும். அப்போது அந்த 100 துடிப்பும் நேராக ஸ்பீக்கருக்குப் போகிறது. உங்கள் காதில் விழும் உறுமல் அதுதான்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். ஆம்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிடுங்கள். பின்பக்கம் பெரிய டியூப்களை ஒட்டியிருக்கும் சின்ன டியூபை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, அது இல்லாமலே ஆம்பை மறுபடி ஆன் செய்யுங்கள். உறுமல் அப்படியே இருந்தால் சின்ன டியூப்கள் மேல் குற்றமில்லை. பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும்.

அந்த ஒன்பது டியூப் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆம்பில் ஆர்சிஏ, சில்வேனியா என்ற அமெரிக்கக் கம்பெனிகளின் பழைய டியூப்கள் இன்னும் இருந்தால் அவற்றுக்குத் தனி விலை உண்டு. "செத்துவிட்டது" என்று சொல்லிக் கழற்றி, புதியதைப் போட்டு, பழையதை வேறு இடத்தில் விற்பவர்களை முப்பது வருடமாகப் பார்க்கிறேன். எழுதியிருக்கும் பெயரையும் நம்பிவிடாதீர்கள். இன்று முல்லார்ட் என்று அச்சிட்டு வரும் புது டியூப் இங்கிலாந்தின் பிளாக்பர்னில் செய்ததல்ல, ரஷ்யாவின் சரடோவில் செய்தது. டியூப் மோசமில்லை, ஆனால் பழைய முல்லார்ட் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். கண்ணாடியின் உச்சியில் வெள்ளி பூசியது போன்ற பளபளப்பு பால் வெள்ளையாக மாறியிருந்தால் மட்டுமே பார்த்தவுடன் செத்தது என்று சொல்லலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு, இதைக் கவனமாகப் படியுங்கள். விளக்கை அணைத்துவிட்டு 6V6 என்று எழுதியிருக்கும் இரண்டு பெரிய டியூப்களையும் ஐந்து நிமிடம் பாருங்கள். நடுவில் ஆரஞ்சு இழை எரிவது சரி. கண்ணாடியில் நீலம் படர்வதும் சரி. ஆனால் டியூபின் உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடே அடுப்புக் கரி மாதிரி சிவந்தால் உடனே அணையுங்கள். உங்கள் ஃபியூஸ் போனதற்கும் அது காரணமாக இருக்கலாம். அப்போதும் டியூப்தான் குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். ஆறிய பிறகு இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுச் சில நொடிகள் மட்டும் பாருங்கள். சிவப்பு டியூபோடு சேர்ந்து நகர்ந்தால் டியூப் கெட்டது. அதே குழியில் நின்றால் சர்க்யூட்டில் ஒரு கெப்பாசிட்டர் கசிகிறது. இரண்டுமே சிவந்தால் பயாஸ் போய்விட்டது, அதாவது டியூபை அடக்கி வைக்கும் நெகட்டிவ் வோல்டேஜ் வரவில்லை. இதைச் சரி செய்யாமல் எவ்வளவு விலை கொடுத்துப் புது டியூப் போட்டாலும் பத்தே நிமிடத்தில் அதுவும் சிவக்கும்.

உறுமலைவிட எனக்குப் பயமாக இருப்பது உங்கள் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர், அதாவது நம் வோல்ட்டை அமெரிக்க அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும் பெட்டி. பின்பக்கம் 117 வோல்ட் என்று எழுதியிருக்கும் ஆம்ப் அது, நம் 230இல் நேராகச் செருகவே முடியாது. கடையில் விற்கும் ஸ்டெப்-டவுன் பெட்டிகள் பலவற்றில் வெளியே வரும் பக்கம் இரண்டு ஓட்டைதான். ஆம்பின் எர்த் பின்னை வெட்டிவிட்டுச் செருகுகிறார்கள். அப்புறம் கிதார் கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்று அடிக்கும். 1972 மே மாதம், வேல்ஸின் ஸ்வான்சீயில், லெஸ் ஹார்வி என்ற கிதார் கலைஞர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். இத்தனை வருடம் கழித்தும் நம் மண்டபங்களில் ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடிக்காமலே கச்சேரி நடக்கிறது. சுவரில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவதில் ஒயரே இருக்காது. பார்த்து அனுமதி கொடுக்க வேண்டியவர்கள் கையெழுத்து மட்டும் போடுகிறார்கள். எத்தனை முறை சொல்வது!

எர்த்தோடு வரும் மூன்று பின் ஸ்டெப்-டவுன் வாங்குங்கள். சர்ச் பிளக் பாயிண்டில் எர்த் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, இன்றே செய்ய வேண்டியது: பின்னால் இருக்கும் ஃபியூஸைக் கழற்றிப் பாருங்கள். 2 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ (சற்றுத் தாமதித்துப் போகும் வகை) இருக்க வேண்டும். 5 போட்டிருந்தாலோ கம்பி சுற்றியிருந்தாலோ, ஆம்பை இனி ஆன் செய்யாதீர்கள். அடுத்த முறை ஃபியூஸ் போகாது, ஆம்பின் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் போகும். மெக்கானிக்கிடம் "ஐந்து ஃபில்டரும் பயாஸ் கெப்பாசிட்டரும் மாற்றுங்கள், கழற்றியதையெல்லாம் பையில் போட்டுக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். ஸ்பீக்கரோடு சேர்த்தே கொண்டுபோங்கள். ஸ்பீக்கர் மாட்டாமல் டியூப் ஆம்பை ஓட்டிப் பார்த்தால், ஸ்பீக்கருக்கு ஒலியை அனுப்பும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடலாம்.