'ஸ்டெல்லா டல்லாஸ்' படத்தில் தாய் தன் மகளை ஏன் பிரித்து அனுப்புகிறாள்?

கிங் விடோர் இயக்கத்தில் 1937இல் வெளிவந்த இப்படத்தில், ஸ்டெல்லா தன் மகள் லாரலைப் பிரித்து அனுப்புவது பாசம் குறைந்ததால் அன்று. தன் பேச்சும் உடையும் மகளின் எதிர்காலத்துக்குத் தடையாவதை அவள் காதாரக் கேட்டுவிடுகிறாள் என்பதே காரணம்.

ஆலைத் தொழிலாளியின் மகளான ஸ்டெல்லா, செல்வக் குடும்பத்தில் பிறந்த ஸ்டீபனை மணந்தும் அந்த வட்டத்தோடு ஒன்ற முடியவில்லை. உல்லாச விடுதியொன்றில் அவளுடைய பகட்டான கோலம் ஏளனத்துக்கு உள்ளாகிறது. அன்றிரவு ரயிலில், அதைப் பற்றி இளம்பெண்கள் பேசிச் சிரிப்பது தாய், மகள் இருவர் காதிலும் விழுகிறது; தாய் கேட்டிருப்பாளோ என்று பதறிய லாரல் எழுந்துவந்து அவளை அணைத்துப் படுத்துக்கொள்ள, ஸ்டெல்லா தூங்குவதுபோல் பாசாங்கு செய்கிறாள். ஸ்டெல்லாவாக வரும் பார்பரா ஸ்டான்விக்கின் நடிப்பில் ஈடு இணையற்ற இடம் இதுவே என்பேன். பலரும் கொண்டாடும், இறுதியில் வரும் மழைக் காட்சிகூட இதற்கு அடுத்தபடிதான்.

பிறகு, தன்னைப் பிரிந்து வாழும் ஸ்டீபன் மணக்கவிருக்கும் ஹெலனிடம் தானே சென்று மகளை ஒப்படைக்கிறாள். லாரல் திரும்பி வந்துவிட, தனக்கு வேறு வாழ்க்கை வேண்டும் என்று பொய் சொல்லி அவளை வெறுக்கச் செய்கிறாள். மகளின் திருமணத்தைத் தெருவில் மழையில் நின்றே ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். இம்முடிவு தாய்மையைத் தியாகமாக்கிப் புகழ்கிறதா, வர்க்கக் கொடுமையை அம்பலப்படுத்துகிறதா என்று 1980களில் பெண்ணியத் திரை ஆய்வாளர்கள் தீவிரமாக விவாதித்தனர். ஹெலன் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் ஸ்டெல்லாவுக்கு அந்த வீட்டில் இடமில்லை என்பதால், இரண்டாவது வாசிப்பே எனக்குச் சரியாகப் படுகிறது.