நிதானமாகப் பாடினால் நிம்மதி என்று அர்த்தமா?

கேள்வி: அமெரிக்கப் பாடகர் ஓட்டிஸ் ரெடிங் பாடிய ‘சிட்டின் ஆன் தி டாக் ஆஃப் தி பே’ (வளைகுடாப் படகுத்துறையில் உட்கார்ந்தபடி) எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு. வேலை எல்லாம் முடித்துவிட்டு ஒருவர் கடலைப் பார்த்தபடி ஹாயாக உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அடுத்த மாதம் அப்பா பணி ஓய்வு பெறுகிறார். அவருடைய புகைப்படங்களைத் தொகுத்து ஒரு வீடியோ செய்கிறோம். பின்னணிக்கு இந்தப் பாட்டை வைக்கலாம் என்றேன். “அது சோகப் பாட்டு, வேண்டவே வேண்டாம்” என்கிறாள் தங்கை. யார் சொல்வது சரி?

பதில்: தங்கை சொல்வதுதான் சரி. ஆனால் உங்கள் காதையும் குறை சொல்ல முடியாது. இசை உங்களிடம் சொன்னது அமைதியைத்தான். ஜி, பி, சி, ஏ என்று நகரும் இந்தப் பாட்டில் எல்லாமே மேஜர் வகை கார்டுகள் (கார்ட் என்றால் சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பது). மேற்கத்திய இசையில் சோகத்துக்கு வழக்கமாகக் கைகொடுக்கும் மைனர் கார்ட் ஒன்றுகூட இல்லை. போதாததற்கு அலைச் சத்தம், கடற்பறவைகளின் குரல், கடைசியில் ஒரு விசில். மேடையில் உருகிக் கதறிப் பாடிப் பெயர் வாங்கிய ரெடிங், இங்கே குரலை உயர்த்தவே இல்லை.

இப்போது இசையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, பாட்டில் பேசுகிற அந்த ஆள் என்ன சொல்கிறான் என்று மட்டும் பாருங்கள். காலை வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன், மாலையிலும் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன் என்று தொடங்குகிறான். ஓய்வாக வந்தவன் சாயங்காலத்தைப் பற்றி யோசிக்க மாட்டான். இவனுக்கோ காலையிலேயே தெரிந்துவிட்டது, இன்று முழுக்க எதுவும் நடக்கப்போவதில்லை என்று. கப்பல்கள் வருகின்றன, போகின்றன. அவற்றில் ஒன்றுகூட இவனுக்காக வரவில்லை.

அடுத்த சரணத்தில் விஷயம் வெளியே வருகிறது. அமெரிக்காவின் தெற்கு மாநிலமான ஜார்ஜியாவில் இருந்த வீட்டை விட்டு சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவுக்குக் கிளம்பி வந்தவன் இவன். ஏன் வந்தான்? அங்கே வாழ்வதற்கு எதுவும் இருக்கவில்லை. இங்கேயும் எதுவும் கிடைக்கிற மாதிரி தெரியவில்லை. இதை அழுதுகொண்டு சொல்லியிருந்தால் முதல் தடவையே உங்களுக்குப் பிடிபட்டிருக்கும். பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போவதால் காதில் விழாமல் நழுவிவிடுகிறது.

பாட்டின் உயிர் நடுப்பகுதியில் இருக்கிறது என்பேன். எதுவும் மாறப்போவதில்லை, எல்லாம் அப்படியேதான் இருக்கிறது என்று முதலில் சொல்கிறான். அது உலகத்தைப் பற்றிய புகார். பிறகு, பத்துப் பேர் சொல்கிறபடியெல்லாம் என்னால் ஆட முடியாது, அதனால் நானும் இப்படியே இருந்துவிடுகிறேன் என்கிறான். அது தன்னைப் பற்றிய முடிவு. இரண்டு மூச்சில் புகாரே முடிவாகிவிடுகிறது. இந்த இடத்தைப் பலர் சுதந்திரப் பிரகடனமாக எடுத்துக்கொள்கிறார்கள்: யார் பேச்சையும் கேட்காமல் தன் போக்கில் வாழ்கிறவன் என்று. அந்த வாசிப்பிலும் நியாயம் இருக்கிறது, குரலில் லேசான வீம்பு கேட்கத்தான் செய்கிறது. ஆனால் அடுத்த சரணம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. தனிமை என்னை விடமாட்டேன் என்கிறது, இரண்டாயிரம் மைல் அலைந்து வந்து கடைசியில் இந்தப் படகுத்துறைதான் என் வீடாயிற்று என்கிறான். வீம்புக்காரன் இதைச் சொல்ல மாட்டான். களைத்துப்போனவன்தான் சொல்வான். அதற்கு மேல் பல்லவி ஒரு தடவை, அப்புறம் விசில்தான்.

ஒரு எச்சரிக்கை. ரெடிங் இந்தப் பாட்டைப் பதிவு செய்த சில நாட்களிலேயே, 1967 டிசம்பர் 10 அன்று, விஸ்கான்சினில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். வயது 26. பாட்டு 1968 ஜனவரியில் வெளியாகி, மார்ச்சில் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பாடியவர் இறந்த பிறகு அந்த இடத்துக்கு வந்த முதல் பாட்டு இதுதான். அதனாலேயே, சாவை முன்கூட்டி உணர்ந்து பாடினார் என்று சிலர் அர்த்தம் சொல்கிறார்கள். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். 1967 ஜூனில்தான் அவர் கலிபோர்னியாவின் மான்டெரே இசை விழாவில் புதிய ரசிகர் கூட்டத்தையே வென்றிருந்தார். ஜார்ஜியாவில் அவருக்குக் குடும்பம் இருந்தது, பண்ணை இருந்தது. சான் பிரான்சிஸ்கோ பக்கம் கச்சேரிக்குப் போய், சாசலிட்டோவில் ஒரு படகு வீட்டில் தங்கியிருந்தபோது எழுதத் தொடங்கி, பிறகு கிடார் கலைஞர் ஸ்டீவ் குரோப்பருடன் சேர்ந்து முடித்த பாட்டு இது. படகுத்துறையில் உட்கார்ந்திருப்பவன் அவர் படைத்த ஒரு ஆள்.

அந்த ஆள் யாராக இருக்கலாம்? இது என் வாசிப்பு, பாட்டில் இல்லை. அதே சாசலிட்டோவில் 1942 முதல் 1945 வரை மாரின்ஷிப் என்ற பெரிய கப்பல் கட்டும் தளம் இயங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அந்த வளைகுடாவுக்கு வேலை தேடி வந்தார்கள். போர் முடிந்தது, தளமும் மூடப்பட்டது. வந்தவர்களில் பலர் அங்கேயே தங்கிப்போனார்கள். ஜார்ஜியாவிலிருந்து கிளம்பி, கப்பல்களைப் பார்த்துக்கொண்டு வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவனை இந்தப் பின்னணியில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். என்னால் அதன்பிறகு வேறு மாதிரி கேட்க முடிந்ததில்லை.

சரி, உங்கள் வீடியோவுக்கு வருவோம். ஆங்கிலம் புரிந்த விருந்தினர் நாலு பேர் இருந்தாலும், ஓய்வு பெறுகிறவரின் படத்துக்கு மேலே ‘வாழ்வதற்கு எதுவும் இல்லை’, ‘பொழுதை வீணாக்கிக்கொண்டிருக்கிறேன்’ என்று ஒலிப்பது நன்றாக இருக்காது. முப்பது, நாற்பது வருஷம் உழைத்த மனிதருக்கு அன்று கேட்க வேண்டிய வார்த்தைகள் அவை இல்லை. மெட்டுதான் உங்களுக்கு முக்கியம் என்றால், குரல் இல்லாமல் கருவியில் வாசித்த பதிவு ஒன்றைத் தேடி வையுங்கள். அந்த நிதானம் அப்படியே கிடைக்கும். வேறு பாட்டுத் தேடுவதாக இருந்தால், முதலில் வரிகளை மட்டும் ஒரு தடவை படியுங்கள். உட்கார்ந்திருப்பவன் எங்கிருந்து வந்தான், எதற்காகக் காத்திருக்கிறான், பாட்டு முடியும்போது அது வந்ததா என்று பார்த்துவிட்டு அப்புறம் தேர்ந்தெடுங்கள். அப்பாவுக்கும் இந்தப் பாட்டு பிடிக்கும் என்றால், விழா முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அவரோடு உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள். தங்கையையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.