ஹீட்சிங்க் அடியைத் தேய்த்தால் பிராசசர் சூடு குறையுமா?

கேள்வி: என் கணினியில் ரைசன் 5 3600 பிராசசர். செம்பு அடிப்பாகத்தில் நிக்கல் பூச்சு போட்ட டவர் கூலர் (உயரமான ஹீட்சிங்க்கும் விசிறியும்) மாட்டியிருக்கிறேன். வீடியோ ரெண்டர் செய்யும்போது வெப்பம் 87, 88 டிகிரி வரை போகிறது. அறையில் ஏசி கிடையாது. கூலரின் அடியில் நகத்தால் உரசினால் கோடுகள் தட்டுப்படுகின்றன. உப்புத்தாளால் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கினால் நன்றாகக் குளிரும் என்கிறார்கள். செய்யலாமா? எந்தத் தாள் வாங்குவது?

பதில்: செய்யலாம். ஆனால் முதலில் அது தேவையா என்று பாருங்கள். இந்தப் பிராசசருக்கு ஏஎம்டி சொல்லும் உச்ச வரம்பு 95 டிகிரி. ஏசி இல்லாத அறையில், முழுச் சுமையில் 88 என்பது அதிகம்தான், ஆபத்தில்லை. இன்னொன்று, 3600-இல் கணக்குப் போடும் பகுதிகளான கோர்கள் எல்லாம் சுமார் 74 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள ஒரே சிறு சில்லில் இருக்கின்றன. அவ்வளவு சின்ன இடத்தில் பிறக்கும் சூட்டை வெளியே இழுப்பது எந்தக் கூலருக்கும் சிரமம். அதனால் தேய்த்தவுடன் பத்து, பதினைந்து டிகிரி இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடிப்பாகம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் சில டிகிரி குறையும். ஏற்கெனவே சமமாக இருந்தால் ஒன்றும் மாறாது.

ஏன் என்று எண்களைப் பார்த்தால் புரியும். வெப்பத்தைக் கடத்தும் திறன் செம்புக்கு ஏறக்குறைய 400, காற்றுக்கு 0.026. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே நாம் தடவும் தெர்மல் பேஸ்ட் பெரும்பாலும் பத்துக்குக் கீழேதான். பேஸ்ட் காற்றைவிடப் பல மடங்கு மேல், செம்புக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆகவே இரண்டு உலோகங்களும் முடிந்தவரை நெருங்கி உட்கார வேண்டும், மிச்சமிருக்கும் நுண்ணிய பள்ளங்களை மட்டும் பேஸ்ட் அடைக்க வேண்டும். நகத்தில் தட்டும் அந்தக் கடைசல் கோடுகளைப் பேஸ்ட் சுலபமாக நிரப்பிவிடும். அது சமாளிக்க முடியாதது நடுவில் குழிந்தோ ஒரு பக்கம் சரிந்தோ இருக்கும் அடிப்பாகத்தைத்தான். அங்கே பேஸ்ட் தடிமனாகத் தேங்கும், சூடும் அங்கேயே தேங்கும். முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் அடிப்பாகம்கூடக் குழிந்திருக்கலாம். எனவே பளபளப்பை மறந்துவிட்டு மட்டத்தைப் பாருங்கள்.

கூலரைக் கழற்றும்போது கவனம். உங்கள் போர்டில் இருக்கும் ஏஎம்4 வகைச் சாக்கெட்டில், பிராசசரின் அடியில்தான் பின்கள். இறுகிப்போன பேஸ்ட்டோடு நேராகத் தூக்கினால் பிராசசரும் சாக்கெட்டைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கொஞ்ச நேரம் ஏதாவது ஓடவிட்டுச் சூடாக்குங்கள். அப்புறம் அணைத்து, மின்இணைப்பையும் எடுத்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி விடுவித்துத் தூக்குங்கள். பழைய பேஸ்ட்டைத் துடைக்கும் முன் அதன் அச்சைப் பாருங்கள். எங்கும் ஒரே மாதிரி மெல்லிசாகப் பரவியிருந்தால் தேய்க்க வேண்டிய அவசியமே இல்லை, புதுப் பேஸ்ட் போதும். நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் உலோகம் தெரியும்படியும் இருந்தால் குழி உண்டு. ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்து, ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பைக் குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டிலும் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். எங்கே ஒளி கசிகிறதோ அங்கே பள்ளம். பிராசசரின் மேலிருக்கும் உலோக மூடியையும் இதேபோல் பார்த்துவிடுங்கள்.

கூலரின் அடிப்பாகம் நடுவில் லேசாகப் புடைத்திருந்தால் அவசரப்பட்டுத் தேய்க்காதீர்கள். சில்லின் மேல் அழுத்தம் கூடுவதற்காகச் சில நிறுவனங்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்கின்றன. 2024-இல் நாக்டுவா வெளியிட்ட என்எச்-டி15 ஜி2 கூலரை, அடிப்பாகப் புடைப்பின் அளவு மாறும் மூன்று வகைகளில் விற்கிறார்கள். அதேபோல் வெப்பக் குழாய்களே நேரடியாகப் பிராசசரைத் தொடும் கூலர்களில் தாளே படக்கூடாது. குழாயின் சுவர் மெல்லியது. தேய்ந்து ஓட்டை விழுந்தால் உள்ளே அடைத்திருக்கும் திரவம் போய்விடும், அந்தக் குழாயால் பிறகு பயனில்லை. உங்களுடையது முழுச் செம்புக் கட்டை என்பதால் அந்தப் பயம் இல்லை.

சரி, குழி இருக்கிறது, தேய்த்தே ஆக வேண்டும் என்றால் பெயிண்ட் கடையில் வாட்டர் பேப்பர் (தண்ணீரோடு தேய்க்கும் உப்புத்தாள்) என்று கேளுங்கள். 400, 600, 800, 1000 நம்பர்கள் போதும். கண்ணாடிக் கடையில் 8 அல்லது 10 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். மரப்பலகையோ சாப்பாட்டு மேசையோ அவ்வளவு மட்டமாக இருக்காது. விசிறியைக் கழற்றி வையுங்கள். கண்ணாடியில் தண்ணீர் தெளித்துத் தாளை ஒட்டுங்கள், அடியில் காற்றுக் குமிழ் இருக்கக்கூடாது. மேலேயும் தண்ணீரோடு ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம்.

அடிப்பாகம் முழுக்க மார்க்கரால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுவிட்டு, தாள் மேல் கூலரை நகர்த்துங்கள். டவர் கூலருக்குத் தலை கனம். மேலே பிடித்துத் தள்ளினால் அது முன்னும் பின்னும் சாயும், ஓரங்கள் அதிகம் தேய்ந்து நடு புடைத்துவிடும். பல கூலர்கள் இப்படித்தான் கெடுகின்றன. கட்டைக்கு ஒட்டினாற்போல் தாழப் பிடித்து, அழுத்தாமல், அதன் எடையிலேயே ஓட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு முறை ஓட்டியதும் கால் வட்டம் திருப்பி மறுபடி ஓட்டுங்கள். மேடான இடங்களில் முதலில் மார்க்கர் மை போகும், அப்புறம் நிக்கல் போய்ச் சிவப்பாகச் செம்பு எட்டிப்பார்க்கும். குழிந்த அடி என்றால் நான்கு ஓரமும் சிவந்து, நடுவில் வெள்ளைத் திட்டு நிற்கும். அந்தத் திட்டு சுருங்கி மறையும்வரை 400-ஐ விடாதீர்கள். மட்டமாக்கும் வேலை முழுவதும் அந்தத் தாளில்தான் நடக்கிறது. அடுத்தடுத்த தாள்கள் முந்தையது போட்ட கீறலை எடுக்க மட்டுமே. தாள் மாற்றும்போதெல்லாம் நன்றாகக் கழுவுங்கள். 1000-க்கு மேலே போவது அழகுக்குத்தான்.

முடிந்ததும் கழுவி, நன்கு உலரவிட்டு, ஆல்கஹாலால் துடையுங்கள். செம்புத்தூள் மின்சாரம் கடத்தும், தகடுகளுக்கிடையில் ஒளிந்திருந்து போர்டில் கொட்டினால் வம்பு. நிக்கல் போன செம்பு நாளடைவில் கருக்கும், பேஸ்ட்டுக்கு அடியில் அதனால் கெடுதல் இல்லை. வாரண்டி மட்டும் போய்விடும். பிராசசரின் மூடியைத் தேய்க்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்: மேலே அச்சிட்ட எண் அழியும், கீழே பின் வளையும்.

திரும்ப மாட்டும்போது திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பலன் தெரிய வேண்டுமானால் அறையின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் அதே ரெண்டரை இருபது நிமிடம் ஓட்டி, பிராசசர் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழித்து, வரும் இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை அளந்து வெறும் டிகிரியை மட்டும் பார்த்தால், அறை குளிர்ந்ததையே கூலரின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.