லண்டன்லயும் ஒரு சேரிங்கிராஸ்

கேள்வி: என் பையன் லண்டன்ல படிக்கிறான். போன வாரம் போன்ல "சேரிங்கிராஸ்ல நிக்கிறேம்மா"ன்னான், சொல்லாம கொள்ளாம ஊட்டிக்கு வந்துட்டானோன்னு தூக்கிவாரிப் போட்டுச்சு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? பக்கத்துல டிரஃபால்கர் ஸ்கொயர் இருக்காமே, அங்க எதைப் பாக்கச் சொல்லட்டும்?
(ஒரு வாசகி, குன்னூர்)

பதில்: சம்பந்தம் பேர்தாம்மா. வெள்ளைக்காரன் காலத்துல வெயில் வந்தா மெட்ராஸ் சர்க்காரே ஃபைலோட மலையேறி ஊட்டிக்கு வந்துரும், வந்த துரைங்க ஊர் ஞாபகத்துல வெச்ச பேரு. ஆனா ஊட்டி சேரிங்கிராஸ் நடுவுல நிக்கிற ஃபவுண்டன் மெட்ராஸ் கவர்னர் வில்லியம் பேட்ரிக் ஆடம் நினைவா 1886ல வெச்சது, மனுஷன் 1880 டிசம்பர்ல பதவிக்கு வந்து அடுத்த மே மாசமே ஊட்டியில இறந்துட்டார்.

லண்டன் கதை பழசு. 1290ல எட்வர்ட் ராஜாவோட பொண்டாட்டி எலினார் லிங்கன் பக்கத்துல இறந்துட்டாங்க. உடம்பை வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கொண்டு வர்ற வழியில ராத்திரி தங்கின ஒவ்வொரு இடத்துலயும் ஒரு சிலுவைத் தூண் வெச்சார், மொத்தம் 12, கடைசி ஒண்ணு சேரிங்ல. அதை 1647ல பார்லிமென்ட் ஆளுங்க இடிச்சுட்டாங்க. சேரிங்கிராஸ் ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறது 1865ல கட்டின நகல், அதை ஒரிஜினல்னு நெனச்சு பையன் செல்ஃபி எடுத்துறப் போறான்.

பழைய தூண் இருந்த இடத்துல இப்ப முதலாம் சார்லஸ் குதிரை மேல உக்காந்திருக்கார். எனக்கு அந்த ஸ்கொயர்லயே பிடிச்சது இந்த சிலைதான். அதே பார்லிமென்ட் ஆளுங்க இந்த ராஜா தலையை வெட்டினப்புறம் சிலையை உருக்கச் சொல்லி ஜான் ரிவெட்னு ஒரு உலோகக் கடைக்காரர்கிட்ட தள்ளிவிட்டாங்க, அவர் உருக்கிட்டேன்னு சொல்லி 'ராஜா சிலையில செஞ்ச கத்திப்பிடி'ன்னு வித்து நல்லா காசு பாத்தாராம், சிலை என்னடான்னா முழுசா மண்ணுக்குள்ள பத்திரமா இருந்திருக்கு! ராஜா மகன் ஆட்சிக்கு வந்ததும் வெளிய வந்து 1675ல இப்ப இருக்கிற இடத்துல ஏறிருச்சு. லண்டனுக்கு இத்தனை மைல்னு போர்டுல போடுறதெல்லாம் இங்கருந்துதான் அளக்குறாங்க.

ஸ்கொயர் அதுக்கு ரொம்பப் பின்னாடி, 1844ல திறந்தது. அதுக்கு முன்னாடி அரண்மனை குதிரை லாயம். நடுவுல தூண் மேல, 52 மீட்டர் உயரத்துல இங்கிலீஷ் கடற்படைத் தளபதி நெல்சன், 1805 டிரஃபால்கர் கடல் சண்டையில ஜெயிச்சு அதுலயே செத்தவர். பையன்கிட்ட ஃபோன்ல ஜூம் பண்ணி வலது கைப் பக்கம் பாக்கச் சொல்லுங்க, சட்டைக்கை காலியா மடிச்சு நெஞ்சுல சொருகியிருக்கும், கை 1797லயே போயிருச்சு. அடியில நாலு பக்கமும் இருக்கிற வெண்கலப் படங்கள் பிரெஞ்சுக்காரங்ககிட்ட பிடிச்ச பீரங்கியை உருக்கி வார்த்தது. அப்படியே வடக்கால நேஷனல் கேலரிக்குள்ள நுழையட்டும், டிக்கெட் கிடையாது, மழைக்கு ஒதுங்கவும் ஆச்சு.

கேள்வி: அங்க நெல்சன் தூணடியில இருக்கிற சிங்கச் சிலையோட காலு நாய்க்கால் மாதிரி இருக்கே சார்?
(ஒரு வாசகர், கோத்தகிரி)

பதில்: கண்ணு கூர்மைதான் உங்களுக்கு. செஞ்ச லேண்ட்சியர் சிற்பியே இல்ல, மிருகங்களை வரையிற ஓவியர். மாடலுக்கு லண்டன் ஜூவுல செத்த சிங்கத்தை வாங்கி வெச்சாராம், வேலை முடியறதுக்குள்ள அது அழுகிப் போக, பாதத்தை நாயைப் பாத்து முடிச்சார்னு சொல்லுவாங்க. தூண் நின்னு 20 வருஷத்துக்கு மேல கழிச்சு 1867லதான் சிங்கம் வந்து சேந்துச்சு.

கேள்வி: நம்ம நாட்டை அடிச்ச ஆளுங்க சிலையும் அங்க இருக்கா?
(கல்லூரி மாணவர், கூடலூர்)

பதில்: இருக்கே. 1857ல சிப்பாய்ப் புரட்சியை அடக்க லக்னோ போன ஹேவ்லாக், சிந்துவைப் பிடிச்ச நேப்பியர், ரெண்டு பேரும் நிக்கிறாங்க. 2000ல லண்டன் மேயர் கென் லிவிங்ஸ்டனே 'இவங்க யாருன்னே தெரியல, எடுத்துறலாம்'னு சொல்லிப் பாத்தார், ஒண்ணும் நடக்கல. நம்மாளுங்க முன்னாடியே முடிச்சுட்டாங்க: ஹேவ்லாக் கூடவே லக்னோ போன நீல்ங்கிற ராணுவ அதிகாரிக்கு மவுண்ட் ரோட்ல சிலை இருந்துச்சு, 1927ல சத்தியாகிரகம் பண்ணி ஜெயிலுக்குப் போனாங்க, 1937ல ராஜாஜி மந்திரிசபை அதைத் தூக்கி மியூசியத்துல போட்டுருச்சு. டிரஃபால்கர்ல நாலாவதா ஒரு பீடம் இருக்கு, நாலாம் வில்லியமுக்குன்னு கட்டி பணம் பத்தாம காலியாவே கெடந்தது. 1999லருந்து அதுல மாத்தி மாத்தி புது சிற்பம் வெக்கிறாங்க.

கேள்வி: புறாவுக்கு தீனி போடலாமா?
(ஒரு வாசகி, அருவங்காடு)

பதில்: கூடாது, 2003லருந்து தடை. பொரியை மூட்டை கட்டிட்டுப் போயிராதீங்க.