பழைய மின்சார ஸ்கூட்டர் வாங்கி ஒரு வாரம்: 60 கிலோமீட்டர்தான் ஓடுகிறது, பேட்டரி போய்விட்டதா?

ஒரு வாரத்தில் அந்த முடிவுக்கு வராதீர்கள். மூன்றாம் தலைமுறை ஏத்தர் 450எக்ஸ், 2022 கடைசியில் பதிவானது, விற்றவர் 146 கிலோமீட்டர் போகும் என்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். 146 என்பது ஐ.டி.சி. (இந்தியன் டிரைவிங் சைக்கிள்) என்ற ஆய்வகச் சோதனைக் கணக்கு. அதே வண்டிக்கு நிறுவனமே ‘ட்ரூ ரேஞ்ச்’ என்று சொன்னது 105, அதுவும் சிக்கன மோடில். வார்ப் எனும் முழுவேக மோடில், பின்னால் ஆள் வைத்து ஓட்டினால் புது வண்டியே அதற்கு வெகு கீழே இறங்கும். ஆக, கிலோமீட்டரை மட்டும் வைத்து பேட்டரியின் நிலையைச் சொல்ல முடியாது. எத்தனை யூனிட் உள்ளே போகிறது என்று அளந்தால் சொல்லலாம்.

பிளக்குக்கும் சார்ஜருக்கும் நடுவில் மாட்டும் எனர்ஜி மீட்டர் ஒன்று வாங்குங்கள். வீட்டில் 16 ஆம்பியர் பாயிண்ட் என்றால் அதற்கு ஏற்றது. முதலில் ஒருமுறை 100 சதவீதம் வரை ஏற்றி, மேலும் ஒன்றிரண்டு மணி நேரம் பிளக்கிலேயே விடுங்கள். செல்கள் சமநிலைக்கு வர அந்த நேரம் வேண்டும். பிறகு சார்ஜ் 20 சதவீதத்துக்கு இறங்கும் வரை ஓட்டுங்கள். வண்டி சூடு ஆற அரை மணி நேரம் விட்டு, மீட்டரை பூஜ்ஜியமாக்கி மறுபடி 100 வரை ஏற்றுங்கள்.

உங்கள் பேட்டரி 3.7 யூனிட். அதில் 80 சதவீதம் 2.96. சார்ஜரில் வெப்பமாகப் போகும் 10 முதல் 15 சதவீதத்தையும் சேர்த்தால் மீட்டர் 3.3 அருகே காட்ட வேண்டும். 3-க்கு மேல் இருந்தால் மூன்று வருட பேட்டரிக்கு நல்ல நிலை. 2.5 தான் போகிறது என்றால் கொள்ளளவு முக்கால் பங்குக்கு இறங்கிவிட்டது. விலை பேசும்போதே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது. ‘மலிவு மீட்டரில் துல்லியம் எங்கே’ என்று யாராவது கேட்கலாம். ஐந்து சதவீதம் பிசகினாலும் 3.3-க்கும் 2.5-க்கும் உள்ள வித்தியாசம் மறையாது.

யூனிட் சரியாகப் போய், கிலோமீட்டர் மட்டும் குறைந்தால் பேட்டரியைத் திட்டாதீர்கள். டயர் காற்றை ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி சக்கரம் இலகுவாகச் சுற்றுகிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். ஐந்து கிலோமீட்டர் பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓட்டியபின் டிஸ்க் அருகே கை கொண்டுபோனால் அனல் அடிக்கிறதா? அப்படியென்றால் பிரேக் பேடை அழுத்தும் காலிபர் பிஸ்டன் பின்வாங்காமல், பேட் டிஸ்க்கில் உரசிக்கொண்டே இருக்கிறது. நீண்ட நாள் நின்ற வண்டிகளில் இது சகஜம், செலவும் பெரிதல்ல.

சதவீதம் 30-இலிருந்து சட்டென்று 12-க்குக் குதிப்பது, மேடேறும்போது வண்டி அணைவது: இவை வேறு கதை. ஒரு செல் வரிசை பலவீனமாகிவிட்டது என்பதற்கான அறிகுறி. வாரண்டி இருந்தால் உடனே சர்வீஸில் எழுத்தில் புகார் பதியுங்கள்.

இதையே படிக்கும், சக்கரத்துக்குள் மோட்டார் உள்ள வண்டிக்காரர்களுக்கு ஒன்று: சாவி அணைத்திருந்தும் சக்கரம் கடினமாகத் திக்கித் திக்கிச் சுற்றினால், பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி.-யை இறக்கிவிட்டு மோட்டாரிலிருந்து வரும் மூன்று தடித்த ஃபேஸ் வயர்களையும், மோட்டாருக்கு மின்சாரம் செலுத்தும் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி, ஒன்றோடொன்று தொடாமல் வையுங்கள். சக்கரம் இலகுவானால் கன்ட்ரோலரின் உள்ளே மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் ஷார்ட். இலகுவாகவில்லை என்றால் கோளாறு மோட்டாரிலோ அதற்குப் போகும் வயரிலோ. இதைப் பார்க்காமல் மோட்டாரையே மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் பணம் கொடுக்காதீர்கள்.

எனக்குத் தீராத ஆதங்கம் ஒன்று உண்டு. பேட்டரியின் மிச்ச ஆயுள் எத்தனை சதவீதம் என்று அதைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகையான பி.எம்.எஸ்.-ஆல் கணக்கிட முடியும். அந்த ஒற்றை எண்ணை உரிமையாளர் கண்ணில் காட்ட எத்தனையோ நிறுவனங்களுக்கு மனமில்லை. பழைய வண்டியின் விலையில் பெரும்பங்கு பேட்டரிதான். அதை மறைத்துவிட்டு ஓடோமீட்டரைக் காட்டுவது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம். இன்னொன்று, 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத, பதிவு தேவையில்லாத வண்டியில் வேகக்கட்டுப்பாட்டு வயரை வெட்டி ‘45 போகும்’ என்று விற்பது. வெட்டிய பிறகு அது சட்டப்படி பதிவும் லைசென்ஸும் வேண்டிய மோட்டார் வாகனம். விபத்து நடந்தால் முதலில் மாட்டுவது ஓட்டியவர்.

உங்கள் வண்டி பதிவானதுதான் என்பதால் உரிமை மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களில் விற்றவர் கையெழுத்தை இந்த வாரமே வாங்குங்கள். கடனில் எடுத்த வண்டி என்றால், கடன் தீர்ந்ததற்கான 35 எண் படிவமும் வேண்டும். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான் அவகாசம், அதில் ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது. ஆப் கணக்கையும் அவர் கையாலேயே உங்கள் எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்; பழைய சார்ஜிங், பயண விவரங்களை அவர் போனிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.