வாசகர் கேள்வி: "பாசிட்டிவா யோசி" என்று சொன்னால் போதுமா?

என் மகனுக்கு 26 வயது. குரூப் 4 தேர்வை இரண்டு முறை எழுதியும் வேலை கிடைக்கவில்லை. "எனக்கு எதுவுமே வராதும்மா, என் ராசி அப்படி" என்று அறையிலேயே கிடக்கிறான். அவன் அப்பா தினமும் "பாசிட்டிவா யோசிடா" என்கிறார், அதைக் கேட்டாலே இவனுக்கு எரிச்சல் வருகிறது. நம்பிக்கையோடு இருந்தால் உண்மையிலேயே பலன் உண்டா, இல்லை ஆறுதலுக்குச் சொல்வதுதானா?
- ஒரு தாய், விருதுநகர்

வெறும் ஆறுதல் இல்லை சகோதரி, பலன் இருப்பதற்கான அடையாளங்கள் உண்டு. அமெரிக்காவில் சுமார் 70 ஆயிரம் பெண்களையும் 1,400 ஆண்களையும் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்து 2019ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நம்பிக்கை மனப்பான்மை அதிகம் உள்ளவர்களின் ஆயுள், குறைவாக உள்ளவர்களைவிட சராசரியாக 11 முதல் 15 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது, 85 வயதைத் தொட்டவர்களும் அவர்களில்தான் அதிகம். சிகரெட், சாப்பாடு, உடற்பயிற்சி இதையெல்லாம் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது வித்தியாசம் கொஞ்சம் குறைந்ததே தவிர மறையவில்லை. நம்பிக்கைதான் ஆயுளைக் கூட்டியது என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது, ஆனால் ஒதுக்கித் தள்ளவும் முடியாது.

ஆனால் உங்கள் மகனுக்கு இந்தக் கணக்கு இப்போது உதவாது. அவருக்கு உதவக்கூடிய விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. 1960களின் பின்பாதியில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மேன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு இளம் ஆராய்ச்சியாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள் (படிக்கவே கஷ்டமான சோதனைதான்). சில நாய்களுக்கு, என்ன செய்தாலும் நிறுத்த முடியாதபடி மின்சார அதிர்ச்சி கொடுக்கப்பட்டது. அப்புறம் அவற்றை ஒரு பெட்டியில் விட்டார்கள். நடுவில் ஒரு தாழ்வான தடுப்பு, தாண்டிக் குதித்தால் அதிர்ச்சி கிடையாது. முன்பு அதிர்ச்சியே வாங்காத நாய்கள் சட்டென்று குதித்துவிட்டன. ஏற்கெனவே அடிபட்டவற்றில் பெரும்பாலானவை குதிக்கவே முயலாமல் அப்படியே படுத்துக்கொண்டன. கூப்பிட்டுப் பார்த்தார்கள், சாப்பாடு காட்டிப் பார்த்தார்கள், எதுவும் எடுபடவில்லை. கடைசியில் கழுத்தில் கயிற்றைக் கட்டி, தடுப்புக்கு அந்தப் பக்கம் திரும்பத் திரும்ப இழுத்துப் போனார்கள். முதலில் பலமாக இழுக்க வேண்டியிருந்தது, போகப்போக இழுக்கத் தேவைப்பட்ட பலம் குறைந்தது, பிறகு அவை தாமாகவே குதித்தன.

"என்ன செய்தாலும் பயனில்லை என்று அந்த நாய்கள் கற்றுக்கொண்டுவிட்டன" என்ற தங்கள் பழைய விளக்கத்தை அந்த ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 2016ல் தாங்களே திருத்தி எழுதினார்கள். தொடர்ந்து அடி விழும்போது ஒடுங்கிப் போவது உயிர்களின் இயல்பு, அது கற்றுக்கொண்டு வருவதில்லை. "நான் செய்தால் நடக்கும்" என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்கிறது. அதனால் உங்கள் மகன் சோம்பேறியும் இல்லை, கோழையும் இல்லை. "பாசிட்டிவா யோசிடா" என்பது, படுத்துக் கிடந்த நாயைக் கூப்பிட்டுப் பார்த்த மாதிரிதான். அப்பாவுக்குப் பாசம் இருக்கிறது, வழி மட்டும் அது இல்லை.

செலிக்மேன் பிற்பாடு கவனித்த இன்னொன்றும் இங்கே பொருந்தும். ஒரு தோல்விக்கு நாம் சொல்லிக்கொள்ளும் காரணம் எவ்வளவு நிரந்தரமானது, வாழ்க்கையில் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த முயற்சி இருக்கும். "ராசி" என்றால் மாற்ற முடியாது. "எதுவுமே வராது" என்றால் ஒரு பரீட்சை முழு வாழ்க்கையையும் விழுங்கிவிட்டது. அதற்காக அவரிடம் போய் "அப்படிப் பேசாதே" என்று சண்டை போடாதீர்கள். பழைய வினாத்தாளையும் விடைக் குறிப்பையும் எடுத்துவைத்துக்கொண்டு, கூடவே உட்காருங்கள். குரூப் 4ல் 200 கேள்வி: தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் அறிவுக்கூர்மையும் 25. எதில் எத்தனை போனது என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள். பல பிள்ளைகளுக்கு அந்த 25 கேள்வியில்தான் உதை விழுகிறது. "சதவீதம், தனிவட்டி, கூட்டுவட்டி இந்த மூன்றும் வரவில்லை" என்று கண்டுபிடித்துவிட்டால் ராசி போய், ஒரு மாதத்தில் முடிக்கிற வேலை வந்துவிடும். முதல் வாரம் தனிவட்டி மட்டும் போதும், பத்து கணக்கு சரியாக வரட்டும். ஆரம்பத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கும், அது தப்பே இல்லை.

ஒன்றை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, யாரிடமும் பேச்சில்லை, வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஏதாவது சொல்கிறார் என்றால் அது நம்பிக்கைக் குறைவு இல்லை, மருத்துவம் தேவைப்படும் நிலை. உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் டெலிமானஸ் 14416 எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

நான் எப்போதுமே நல்லது நடக்கும் என்று நினைக்கிறவன். கோவையில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஆர்டர் நிச்சயம் வரும் என்ற நம்பிக்கையில் இன்னொரு மெஷினுக்குக் கடன் வாங்கப் போகிறேன். "நீங்க கனவுலயே இருக்கீங்க" என்கிறார் மனைவி. நம்பிக்கையாக இருப்பது தவறா?
- கோவை வாசகர்

தவறில்லை சார், ஆனால் உங்கள் மனைவி சொல்வதையும் நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர் உடல் எடையைக் குறைக்க முயன்ற பெண்களை வைத்துப் பார்த்தார். "என்னால் முடியும்" என்று எதிர்பார்த்தவர்கள் அதிகம் குறைத்தார்கள். இளைத்துவிட்டது போலவே இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்கள் குறைவாகத்தான் குறைத்தார்கள். இரண்டையும் நாம் நம்பிக்கை என்றே சொல்கிறோம், ஆனால் முன்னது கையை வேலை செய்ய வைக்கிறது, பின்னது கிடைத்துவிட்ட திருப்தியை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது.

நம்பிக்கை என்றதும் எனக்கு ஃபிராங்க் வைல்டுதான் நினைவுக்கு வருவார். துருவப் பகுதிகளை ஆராயப் போன ஷாக்கிள்டனின் அண்டார்டிகா பயணத்தில் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் வைல்டு. கப்பல் பனியில் நசுங்கி மூழ்கிய பிறகு, 28 பேரும் எலிஃபன்ட் தீவில் ஒதுங்கினார்கள். 1916 ஏப்ரலில் ஷாக்கிள்டன் ஐந்து பேரோடு சின்னப் படகில் உதவி தேடிக் கிளம்பினார், மீதி 22 பேருக்கு வைல்டு பொறுப்பு. கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகள்தான் கூரை, சாப்பாடு சீலும் பென்குயினும். கடலில் பனி விலகும் காலையில் எல்லாம் வைல்டு எல்லோரையும் எழுப்பி, "படுக்கையைச் சுருட்டுங்கள், பாஸ் இன்றைக்கு வரலாம்" என்பாராம். நான்கு மாதத்துக்கு மேல் இது நடந்தது. ஷாக்கிள்டனின் மூன்று மீட்பு முயற்சிகளைப் பனி தடுத்தது, நான்காவதில் சிலி நாட்டுக் கப்பல் யெல்சோவில் ஆகஸ்ட் 30 அன்று வந்து சேர்ந்தார். 22 பேரும் உயிரோடு இருந்தார்கள். ஒருவேளை அவர் வராமலே போனால், மிச்சமிருந்த படகில் டிசெப்ஷன் தீவுக்குக் கிளம்புவது என்ற ஏற்பாட்டையும் வைல்டு மனதில் வைத்திருந்தார். வருவார் என்று நம்பியதற்கு அது குறுக்கே நிற்கவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு மாதம் ஒரு புது ஆர்டர்கூட வரவில்லை என்றால் தவணையை எதிலிருந்து கட்டுவீர்கள்? இதற்கான பதிலைக் காகிதத்தில் எழுதி மனைவியிடம் கொடுங்கள். அவர் படித்துவிட்டு "சரி" என்றால் மெஷினை வாங்குங்கள். எழுத முடியவில்லை என்றால் வேலையை வெளியே ஜாப் ஒர்க் கொடுத்துச் சமாளியுங்கள், இரண்டு மூன்று பார்ட்டி நிலையாக வந்தபிறகு கடனைப் பற்றிப் பேசலாம்.

வயது 67. சின்ன வயதிலிருந்தே எதிலும் கெட்டதைத்தான் முதலில் நினைப்பேன். இனிமேல் மாறுமா ஐயா?
- வாசகி, தஞ்சாவூர்

முழுசாக மாற வேண்டும் என்றே அவசியமில்லை அம்மா. கெட்டதை முதலில் யோசித்து, அதற்கு ஏற்பாடு செய்துவிட்டால் நிம்மதியாக வேலை பார்க்கிறவர்கள் உண்டு. அவர்களை வலுக்கட்டாயமாக உற்சாகப்படுத்தினால் வேலை கெட்டுப்போகிறது என்று உளவியலாளர்களே சொல்கிறார்கள். ரயில் தவறிவிடுமோ என்று பயந்து அரை மணி நேரம் முன்னாடி ஸ்டேஷனுக்குப் போகிறீர்களா, அந்தப் பயம் இருந்துவிட்டுப் போகட்டும். பயத்தில் பயணத்தையே ரத்து செய்கிறீர்கள் என்றால் அதை மட்டும் மாற்றுங்கள். அடுத்த முறை பேத்தி வீட்டுக்குக் கூப்பிட்டால் டிக்கெட்டை முதலில் போட்டுவிடுங்கள், கவலையை அப்புறம் படலாம்.